கோலார் தங்கவயல்: இரண்டு நாளில் பார்த்து வர முழுமையான வழிகாட்டி

கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயலுக்கு (கே.ஜி.எஃப்.) போகிறோம் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது, “சுரங்கத்துக்குள்ள இறங்கிப் பார்க்கலாமா?” என்பதுதான். முடியாது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த பம்புகள் நின்றதும் கீழே வெள்ளம் நிரம்பிவிட்டது. அருங்காட்சியகம், வழிகாட்டி, சுரங்கத்துக்கு டிக்கெட் என்று எதிர்பார்த்துக் கிளம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் நூறு வருஷத்துக்கும் மேல் தங்கத்துக்காகவே நடந்த ஒரு ஊர் தரைக்கு மேல் இன்னும் அப்படியே நிற்கிறது. அதைக் கட்டி எழுப்பிய கைகளில் பெரும்பாலானவை வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துக் கைகள். அந்த ஊரை எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

கிளம்பும் முன் இந்தக் கதை தெரிந்திருக்கட்டும்

இங்கே என்ன நடந்தது என்று தெரியாமல் போனால் துருப்பிடித்த இரும்பும் சாம்பல் மண்ணும்தான் கண்ணில் படும். அதனால் கொஞ்சம் வரலாறு.

1802லேயே ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி மாரிக்குப்பம் பக்கத்துக் கிராமத்தார் மண்ணைக் கழுவித் தங்கத் துகள் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, நியூசிலாந்துப் போரில் இருந்து திரும்பிய மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துச் சிப்பாய் இந்தப் பகுதியைச் சுற்றி வந்து, 1870களில் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை வாங்கினார். அவர் கைக்காசு கரைந்தது. உரிமை ராணுவ அதிகாரிகள் சிலரின் கூட்டுக்குக் கைமாறியது. 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியத் தங்கம் என்ற பெயரில் லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் பறந்தன. அவற்றில் பல ஒன்றும் கிடைக்காமல் மூழ்கின. 1880இல் வந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் மட்டும் ஆழமாகத் தோண்டி, சாம்பியன் ரீஃப் என்ற பொன் இழையைப் பிடித்தது. ஊரின் தலையெழுத்து அங்கேதான் மாறியது.

அதன் பிறகு ஓட்டம்தான். 1894இல் பங்காரப்பேட்டையிலிருந்து ரயில் பாதை வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கி.மீ. தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரு வீதிகளில் மின்விளக்கு எரியும் முன்னரே இங்கே சுரங்க இயந்திரங்கள் மின்சாரத்தில் ஓடின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3.2 கி.மீ. ஆழம் வரை போனது, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மொத்தமாக இந்த வயல் கொடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன்.

‘கே.ஜி.எஃப்.’ சினிமா பார்த்துவிட்டு இந்த ஊருக்கு வருபவர்கள் இப்போது அதிகம். படத்துக்கும் இங்கே நடந்த வாழ்க்கைக்கும் சம்பந்தமில்லை. அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அங்கே அறுபதைத் தாண்டிய யாரையாவது சந்தித்தால், அவர் கூண்டில் ஏறி இருட்டுக்குள் இறங்கியவராகவோ, அப்படி இறங்கியவரின் பிள்ளையாகவோ இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

எப்போது, எத்தனை நாள்

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஊர் பீடபூமியில் இருப்பதால் அந்த மாதங்களில் காலைக் குளிர் இதமாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெட்டவெளியில் நிழலே கிடைக்காது. சயனைடு மேடுகளின் தூசியும் காற்றில் கிளம்பும்.

ஊருக்கு ஒரு நாள், சுற்றுவட்டாரக் கோயில்களுக்கும் மலைக்கும் ஒரு நாள் என்று இரண்டு நாள் வையுங்கள். ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால் ஊரை மட்டும் பாருங்கள். கோலாரையும் முள்பாகலையும் அதே நாளில் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது.

போய்ச் சேரும் வழி

சென்னையிலிருந்து வருபவர்களுக்குச் சுலபமான வழி ரயில். காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூரு போகும் பல ரயில்கள் பங்காரப்பேட்டை ஜங்ஷனில் நிற்கும். அங்கே இறங்கி மாரிக்குப்பம் கிளைப்பாதை ரயிலைப் பிடிக்க வேண்டும். கிளைப்பாதையின் நீளம் வெறும் 16 கி.மீ. நேர அட்டவணையைக் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இடைவெளி அதிகமாக இருந்தால் பங்காரப்பேட்டையிலிருந்து பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு.

வேலூர்ப் பக்கத்திலிருந்து காரில் வந்தால் பேர்ணாம்பட்டு, வெங்கடகிரிக்கோட்டை வழி குறுக்குவழி. மலைச்சாலை என்பதால் பகலிலேயே கடந்துவிடுங்கள். பெங்களூருவிலிருந்து ஹொஸ்கோட்டை, கோலார், பங்காரப்பேட்டை வழியாகச் சுமார் 100 கி.மீ.

பெங்களூருவிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு ஒரு முக்கியமான குறிப்பு. சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊர் ஜனம் பிழைப்புக்குத் தினமும் பெங்களூருவுக்கு ரயிலில் போய் வருகிறது. விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டிகளில் நிற்கக்கூட இடம் இருக்காது, மாலையில் திரும்பும் வண்டிகளிலும் அதே நெரிசல். நீங்கள் எதிர்த்திசையில் வாருங்கள். காலையில் பெங்களூருவிலிருந்து கிளம்பினால் உட்கார்ந்து வரலாம், வேலைக்குப் போகிறவர்களுக்கும் இடைஞ்சல் இல்லை.

முதல் நாள் காலை: ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு

காரில் வந்திருந்தாலும் அதைப் பங்காரப்பேட்டையில் விட்டுவிட்டு இந்தக் கிளை ரயிலில் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்று கட்டாயம் சொல்வேன். ஊரின் முதுகெலும்பு இந்தப் பாதைதான். பெமல் நகர், கோரமண்டல், உரிகாம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று வரிசையாக நிலையங்கள் வரும். பொன் இழை வடக்கு தெற்காக ஓடியது, சுரங்கங்கள் அதன்மேல் வரிசையாக அமைந்தன, ரயிலும் அதை ஒட்டியே போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாலகாட், நந்திதுர்க், உரிகாம், சாம்பியன் ரீஃப், மைசூர் மைன் என்ற ஐந்து பெரிய சுரங்கங்களின் மண்ணையும் அரை மணி நேரத்துக்குள் கடந்துவிடுவீர்கள்.

கடைசி நிலையமான மாரிக்குப்பத்தில் இறங்குங்கள். பாதை அங்கே முடிகிறது, அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. அங்கிருந்து ஆட்டோ பேசிக்கொண்டு வடக்கு நோக்கித் திரும்பி வருவதுதான் என் யோசனை. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகாம், கடைசியாக ராபர்ட்சன்பேட்டை. ஆட்டோக்காரர் உள்ளூர்க்காரர், தமிழிலேயே பேசுவார். எங்கெங்கே நிறுத்தலாம், எங்கே காவலர் திட்டுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முன்னாலேயே அரை நாள் வாடகை பேசி முடித்துவிடுங்கள்.

சாலையில் இருந்தபடி நீங்கள் பார்க்க வேண்டியது ஹெட்கியர் எனப்படும் இரும்புக் கோபுரங்களை. நான்கு சாய்வுக் கால்கள், உச்சியில் பெரிய சக்கரம். அந்தச் சக்கரத்தின்மேல் ஓடிய இரும்புக் கயிற்றில்தான் கூண்டு தொங்கியது. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் விசை எந்திரம் கயிற்றைச் சுற்றும், கூண்டு இறங்கும். ஒரு ஷிஃப்ட் ஆட்கள் இறங்க, வேலை முடித்தவர்கள் ஏறுவார்கள். ஆழமான மட்டங்களுக்கு ஒரே கூண்டில் போய்விட முடியாது. பாதியில் இறங்கி, சுரங்கத்துக்குள்ளேயே இருக்கும் இன்னொரு குழிக்கு நடந்து, அடுத்த கூண்டு ஏற வேண்டும். சாலையோரம் நின்று அந்தச் சக்கரத்தை அண்ணாந்து பார்க்கும்போது, கயிறு போன ஆழத்தை அதே உயரத்துக்கு மேலே கற்பனை செய்து பாருங்கள்.

சுரங்க வளாகங்கள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் நிலம். வேலியும் காவலும் உண்டு. உள்ளே போக வேண்டுமானால் நிறுவன அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி கேட்க வேண்டும், கிடைக்கும் என்ற உறுதி இல்லை. உடைந்த வேலி வழியாக நுழைபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய குழிகள் எல்லாம் ஒழுங்காக மூடப்படவில்லை, புதர் மறைத்திருக்கும். கால் வைக்கும் இடம் கிலோமீட்டர் கணக்கில் ஆழமாக இருக்கலாம்.

சாம்பியன் ரீஃபில் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சுரங்கம் தங்கத்தோடு அறிவியலுக்கும் கொடுத்திருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகள்களின் தடயத்தை 1965இல் பதிவு செய்தன. உலகில் இது முதன்முதலாகப் பதிவான இடங்களில் இதுவும் ஒன்று. மேலே இருக்கும் பாறை மற்றக் கதிர்களை எல்லாம் வடிகட்டிவிடும் என்பதால் இவ்வளவு ஆழம் தேவைப்பட்டது. அறிவியல் படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இதைச் சொல்லுங்கள், அவர்கள் அந்த இடத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

சயனைடு மேடுகள்

ஊரின் எந்த மூலையில் நின்றாலும் சாம்பலும் மஞ்சளும் கலந்த தட்டையான குன்றுகள் தெரியும். இவை மலை அல்ல. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய கழிவு. 13 மேடுகள், 3 கோடி டன்னுக்கும் மேல். மழைநீர் ஓடி ஓடி அவற்றின் சரிவில் ஆழமான ஓடைகளை அறுத்திருக்கிறது. கிட்டே போனால் புல் முளைக்காத அந்த மண் பவுடர் போல மென்மையாக இருக்கும், விரலில் ஒட்டிக்கொள்ளும்.

படம் எடுக்க அழகான இடம் என்பதால் பலர் ஏறுகிறார்கள். நான் பரிந்துரைப்பது தூரத்திலிருந்து பார்ப்பதை. அது கல்மாவுத் தூசி, நுரையீரலுக்குக் கேடு. சுரங்கத்துக்குள் அதே தூசியைச் சுவாசித்து சிலிக்கோசிஸ் வந்து மூச்சுக்குத் தவித்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். காற்று அடிக்கும் நாளில் குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் கிட்டேகூடக் கொண்டுபோகாதீர்கள். மேடுகளின் ஓரம் தேங்கியிருக்கும் தண்ணீரில் கை வைக்காதீர்கள். மாலை வெயிலில் சாலையோரம் நின்று எடுத்தால் படம் நன்றாகவே வரும்.

இந்தக் கழிவில் மிச்சமிருக்கும் தங்கத்தை மறுபடி பிரித்தெடுக்க ஒன்றிய அரசு திட்டமிட்டிருக்கிறது. கர்நாடக அரசும் 2024இல் இசைவு தந்துவிட்டது. வேலை தொடங்கினால் ஊரின் உருவமே மாறிப்போகும். பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

லைன்களும் தமிழ் பெளத்தமும்

பெரும்பாலான பயணக் குறிப்புகள் இந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. எனக்கோ தங்கவயலின் உயிர் இங்கேதான்.

ஆங்கிலேய அதிகாரிகளுக்கு ஓட்டு பங்களா, தோட்டம், 1885இல் தொடங்கிய கே.ஜி.எஃப். கிளப், கோல்ஃப் மைதானம். தொழிலாளிக்கு மூங்கில் தட்டியால் கட்டிய குடிசை வரிசை. அந்த வரிசைகளுக்குப் பெயர் லைன். பிறகு தட்டி போய்ச் சுவர் வந்தது, ஆனால் அறையின் அளவு பெரிதாக மாறவில்லை. சாம்பியன் ரீஃபிலும் மாரிக்குப்பத்திலும் இன்றும் அந்த லைன்களில் மக்கள் குடியிருக்கிறார்கள். பங்களாவையும் லைனையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பாருங்கள்.

இங்கே வந்தவர்களில் பெரும் பகுதி தலித் மக்கள். ஊரில் பண்ணையாரிடம் கட்டுண்டு கிடந்தவர்களுக்கு இந்த ஆபத்தான வேலை கையில் கூலிக்காசையும், படிக்கவும் கூட்டம் கூடவும் இடத்தையும் கொடுத்தது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் பெளத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும் வலுவான கிளைகளாக இருந்தன. 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழுக்கு இந்தத் தொழிலாளர்கள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். 1914இல் அவர் மறைந்து, இதழும் நின்றுபோன பிறகு, 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே ‘தமிழன்’ மறுபடி வெளிவந்தது. இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது. ஷிஃப்ட் முடித்து மேலே வந்த மனிதர்கள் செய்த பதிப்புப் பணி இது. 1930இல் ஒவ்வொருவரும் கைரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று ஒட்டுமொத்தமாக வேலையை நிறுத்தியதும் இவர்களே.

லைன்களுக்குள் போகும்போது அது பிறர் வீட்டு வாசல் என்பது நினைவிருக்கட்டும். கேமராவை நீட்டிக்கொண்டு நுழையாதீர்கள். டீக்கடையில் உட்கார்ந்து, பெரியவர் யாராவது இருந்தால், “ஐயா, நீங்க மைன்ல வேலை பார்த்தீங்களா?” என்று கேளுங்கள். எந்தச் சுரங்கம், எத்தனையாவது மட்டம், பாறை வெடித்துச் சிதறிய அன்று என்ன நடந்தது என்று அவரே சொல்லிக்கொண்டு போவார். அவசரப்படுத்தாமல் கேட்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதல் நாள் மாலை

மதியச் சாப்பாட்டுக்கு ராபர்ட்சன்பேட்டை. அதன் பெரிய மார்க்கெட்டும் சுற்றியுள்ள தெருக்களும்தான் ஊரின் கடைவீதி. பிறகு சில கி.மீ. தள்ளி கம்மசந்திராவில் உள்ள கோடிலிங்கேஸ்வரர் கோயில். 108 அடி உயர லிங்கமும் அதற்கு எதிரே பிரம்மாண்டமான நந்தியும் சுற்றிலும் லட்சக்கணக்கில் சிறு லிங்கங்களும். 1980இல் உருவான கோயில், பழமையை எதிர்பார்க்காதீர்கள். சிவராத்திரியில் கூட்டம் நெரியும்.

கல்லில் ஆர்வம் உள்ளவர்கள் பெத்தபள்ளி எரிமலைப் பாறைகளைத் தவறவிடக் கூடாது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்த இடம். சுமார் 270 கோடி ஆண்டுப் பழைய பாறைப் பட்டை இது. அந்தப் பழைய எரிமலைப் பாறைகளின் விரிசல்களில் படிந்த படிகக்கல்லில்தான் தங்கம் இருந்தது.

இரண்டாம் நாள்: பேத்தமங்கலத்திலிருந்து கோலார் வரை

இந்த நாளுக்குக் கார் வேண்டும். சீக்கிரம் கிளம்பி முதலில் பேத்தமங்கலம் ஏரி. பாலாற்றின் தண்ணீர் இது. வேலூர், ஆம்பூர்க்காரர்கள் மணலாகவே பார்த்துப் பழகிய ஆறு, இங்கே ஏரியாக நிறைந்து கிடக்கும். சுரங்க ஊருக்குக் குடிநீர் போனது இங்கிருந்துதான்.

அடுத்து குட்டஹள்ளியில் பங்காரு திருப்பதி. சிறு குன்றின்மேல் வெங்கடேசப் பெருமாள். ஆறு துளையுள்ள ஜன்னல் வழியாகச் சேவிப்பது இங்கே வழக்கம். அங்கிருந்து முள்பாகல், காலை உணவு அங்கேதான். முள்பாகல் தோசை மொறுமொறு மேற்புறமும் பஞ்சு போன்ற உள்ளுமாக, நெய் வழிய வரும்.

சாப்பிட்டு முடித்து குருடுமலை. ஒரே கல்லில் செதுக்கிய பதிமூன்று அடிக்கும் மேற்பட்ட விநாயகர், அருகே சோமேஸ்வரர் கோயில். பிறகு ஆவணி, நுளம்பர் என்ற அரச மரபின் காலத்து ராமலிங்கேஸ்வரர் கோயில் தொகுதி. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் ஆவணியைத் தேர்ந்தெடுப்பேன். கூட்டமில்லாத வளாகம், பின்னால் பாறைக் குன்று, லவனும் குசனும் பிறந்த இடம் என்று ஊரார் காட்டும் மலை.

மதியத்துக்கு மேல் கோலார். கோலாரம்மன் கோயிலை விட்டுவிடாதீர்கள். சோழர்கள் இந்தப் பகுதியை நிகரிலிச் சோழமண்டலம் என்று ஆண்ட காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் சுவர்களில் இருக்கின்றன, ராஜேந்திர சோழன் காலத்தவை உட்பட. சப்தமாதர்களோடு, தேள்கடிக்குக் காப்பாக வணங்கப்படும் சேளம்மா சன்னிதியும் உள்ளே உண்டு. அதே ஊரில் விஜயநகரக் காலத்து சோமேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். வெயில் தாழ்ந்ததும் அந்தரகங்கை மலை. கல் நந்தியின் வாயிலிருந்து வற்றாமல் நீர் விழும் குளம் வரை படிக்கட்டு. அதற்கு மேலே பாறைக் குகைகளுக்குள் போவதற்கு வனத்துறை அனுமதியும் உள்ளூர் ஆள் துணையும் வேண்டும். குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும்.

தங்கலும் சாப்பாடும் செலவும்

ராபர்ட்சன்பேட்டையில் சாதாரண லாட்ஜ்கள் உண்டு. குடும்பத்தோடு வந்து வசதி எதிர்பார்த்தால் கோலாரில் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டித் தங்குவது நல்லது. ஊருக்குள் ஆட்டோ, சின்னக் கடை எல்லாவற்றுக்கும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். தொப்பி, முகக்கவசம், தண்ணீர், மூடிய செருப்பு அவசியம்.

திரும்பும் வழியில் பங்காரப்பேட்டையில் ரயிலுக்கு நேரம் இருந்தால் அங்கத்திய பானிபூரி சாப்பிடுங்கள். ரசம் பச்சையாக இருக்காது, கண்ணாடித் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், காரம் மட்டும் நாக்கைச் சுண்டும். சென்னைப் பக்கம் போகிறவர்கள் காரில் வந்திருந்தால் கோலாரிலிருந்து மறுபடி முள்பாகல், சித்தூர் வழியாக இறங்கிவிடலாம். பெங்களூரு போகிறவர்கள் மாலை ஆறு மணிக்கு முன் ஹொஸ்கோட்டையைத் தாண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நகரத்தின் வாசலிலேயே ஒன்றரை மணி நேரம் நிற்க நேரும்.